படிப்பகத்துக்கு ஒரு தின் கிளையண்ட்: டெபியன் நிறுவிய அனுபவம்

குளச்சலை ஒட்டிய கடற்கரை ஊர்களில் கம்ப்யூட்டர் வயதாகிச் சாவதைவிட ஃபேனால் சாவதுதான் அதிகம். ஃபேன் சுற்றுகிறவரை உப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து மதர்போர்டில் படியும். செம்புப் பகுதிகளில் பச்சையாகக் களிம்பு ஏறும், திருகுகள் துருப்பிடிக்கும், ஒருநாள் ஆன் ஆகாது. ஊர்ப் படிப்பகத்தில் இருந்த பழைய டெஸ்க்டாப் அப்படித்தான் போனது. அதன் பவர் சப்ளையைத் திறந்தால் உள்ளே ஃபேன் இறக்கை மொத்தமும் பிசுபிசுவென்று கறுப்பாக அப்பிக் கிடந்தது.

அதற்குப் பதிலாக வைக்கப்போவது ஃபேன் இல்லாததாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. புது மினி பிசி வாங்கப் படிப்பகத்தில் காசில்லை. நாகர்கோவிலில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடையில் தின் கிளையண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிட்டவை. விலை ஆயிரத்துக்கும் கீழே. "தம்பி, அடாப்டர் கிடையாது, ஓடும்ணு நான் கேரண்டி சொல்ல மாட்டேன்" என்றார் கடைக்காரர். பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டேன்.

தின் கிளையண்ட் என்றால் என்னவென்று படிப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அலுவலகத்தில் உண்மையான வேலையெல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கும். மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டி அந்தத் திரையைக் காட்டி, கீபோர்டு, மவுஸ் அசைவை அங்கே அனுப்பினால் போதும். அதனால் சின்ன பிராசசர், கொஞ்சம் ரேம், கொஞ்சம் ஃபிளாஷ் நினைவகம், இவ்வளவுதான். ஃபேன் இல்லை, சுற்றும் ஹார்ட் டிஸ்க் இல்லை, அசையும் பாகமே உள்ளே கிடையாது. நம் கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான உடல்வாகு வேறு எது?

நான் எடுத்தது டெல் வைஸ் டி90டி7 (D90D7). வைஸ் முன்பு தனி நிறுவனம், 2012-இல் டெல் அதை வாங்கியது. உள்ளே ஏஎம்டி ஜி-டி48இ பிராசசர்: இரண்டு கோர், 1.4 கிகாஹெர்ட்ஸ், அதே சில்லிலேயே ரேடியான் எச்டி 6250 கிராஃபிக்ஸ். இரண்டும் சேர்ந்து 18 வாட் வெப்ப வரம்புக்குள் அடங்கும். கையில் வந்தபோது 2 ஜிபி ரேமும், 16 ஜிபி சாட்டா டாம் ஒன்றும் இருந்தன. டாம் என்பது மதர்போர்டின் சாட்டா சாக்கெட்டிலேயே செருகி நிற்கும் விரல் நீள ஃபிளாஷ் தகடு. பார்க்க அற்பமாக இருக்கும். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான்.

முதலில் அடாப்டர். பெட்டியின் லேபிளில் 19 வோல்ட் என்று இருந்தது. லேப்டாப் அடாப்டர்களில் 19 வோல்ட் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. வோல்டேஜ் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் லேபிளில் உள்ளதற்குக் குறையக் கூடாது, கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. நடுவில் பாசிட்டிவ்தானா என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருகினேன். பழைய அடாப்டர்களில் லேபிள் ஒன்று சொல்லும், உள்ளே வேறு ஒன்று வரும். அந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

கரண்ட் கொடுக்கும் முன்பே மூடியைக் கழற்றினேன். எந்த ஊரில் எத்தனை வருடம் ஓடியதோ, உள்ளே ஆச்சரியப்படும்படி சுத்தமாக இருந்தது. ஃபேன் இல்லாததன் பலன் கண்ணெதிரே. ரேமின் பொன்னிறப் பற்களில் மட்டும் மங்கல் படிந்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். டாமைக் கழற்றி அதன் பற்களுக்கும் அதே ஆல்கஹால் துடைப்பு. மணல் தாள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொன் பூச்சு மெல்லியது. அது உரிந்துவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் களிம்பு பிடிப்பது உறுதி.

ரேம் 2 ஜிபி இன்றைய பிரவுசருக்குப் போதாது. செத்துப்போன ஒரு லேப்டாப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த 4 ஜிபி டிடிஆர்3 ரேமைப் போட்டேன், பெட்டியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் உடனே ஏற்றுக்கொண்டது. பட்டன் பேட்டரியும் தீர்ந்திருந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பேட்டரி செத்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்காது, சான்றிதழ் செல்லாது என்று அடம்பிடிக்கும். நான் போடப்போகும் டெபியன் லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையும், களஞ்சியக் கோப்பு இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இணையம் கிடைத்த பிறகு கடிகாரம் தானே சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் ஊரில் இணையம் நாம் நினைத்த நேரத்தில் வருவதில்லை. புது சிஆர்2032 ஒன்று போட்டால் தீர்ந்தது.

மானிட்டர் படிப்பகத்தில் இருந்த பழைய விஜிஏ மானிட்டரே. பெட்டியின் பின்னால் டிவிஐ-ஐ துளை இருக்கிறது. அதில் அனலாக் சைகையும் வருவதால் மலிவான விஜிஏ மாற்றி ஒன்று போதும்.

ஆன் செய்ததும் விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்டு 7 எழுந்தது. அதற்கான நீட்டித்த ஆதரவு 2020 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, இணையத்தில் விட லாயக்கில்லை. ஆனாலும் அழிக்கும் முன் அதைக் கொஞ்சம் கவனித்தேன். அதில் ரைட் ஃபில்டர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஓடும்போது நடக்கும் மாற்றங்களை ஃபிளாஷில் எழுத விடாமல் ரேமிலேயே வைத்திருந்து, அணைத்ததும் மறந்துவிடும். அலுவலகத்துக்கு அது பாதுகாப்பு. ஃபிளாஷ் எழுத எழுதத் தேயும் என்பதால் அதற்கு அது ஆயுள். இத்தனை வருடம் கழித்தும் அந்த டாம் உயிரோடு இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்கு லினக்ஸ் போடும்போது அதன் பழைய சுபாவத்தைக் கெடுக்காமல் போட வேண்டும், ஃபிளாஷில் எழுதுவதை முடிந்தவரை குறைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எந்த லினக்ஸ்? பிராசசர் 64 பிட்தான், ஆனால் அதோடு கேள்வி முடிவதில்லை. இந்தத் தலைமுறை ஏஎம்டி சில்லுக்கு பாப்கேட் என்று பெயர். அதில் எஸ்எஸ்இ 4.1, 4.2 கட்டளைகள் கிடையாது. அண்மைக் காலத்தில் சில லினக்ஸ் பதிப்புகள் எக்ஸ்86-64-வி2 என்ற மட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டன, அந்த மட்டத்துக்கு இந்தக் கட்டளைகள் தேவை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 அப்படித்தான், அதை ஒட்டி வந்தவை பலவும் அப்படியே. பழைய பெட்டியில் போட்டால் எழவே எழாது. டெபியன் இன்னும் பழைய அடிப்படை மட்டத்திலேயே தொகுக்கிறது. அதனால் டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது, இன்னும் பல வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். உங்கள் கையில் இருப்பது 32 பிட் மட்டுமே ஓடும் இன்னும் பழைய தின் கிளையண்ட் என்றால் டெபியன் 13 உதவாது, அதில் 32 பிட் நிறுவியை எடுத்துவிட்டார்கள். ஆன்டிஎக்ஸ் பக்கம் பாருங்கள்.

பென்டிரைவிலிருந்து எழுப்புவதில் ஒரு பூட்டு இருக்கிறது. டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்டு கேட்கும். வைஸ் பெட்டிகளுக்குத் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு ஃபயர்போர்ட் (Fireport). ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் பெரியது. பழைய அலுவலகம் அதை மாற்றாமல் விட்டிருந்தால் திறந்துகொள்ளும், எனக்குத் திறந்தது. உள்ளே யுஎஸ்பியிலிருந்து எழுவதை அனுமதித்து, கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் தானே ஆன் ஆகும்படி வைத்தேன். அடுத்த முறை எழும்போது பி (P) விசையை அழுத்தினால் எதிலிருந்து எழ வேண்டும் என்ற பட்டியல் வரும்.

நிறுவலில் பெரிய கதை இல்லை. இணையம் வழி நிறுவும் சின்ன பிம்பத்தை (ஐஎஸ்ஓ கோப்பு) பென்டிரைவில் எழுதி, லேன் கேபிளைச் செருகி, மொழி, நேரம் எல்லாம் கொடுத்துக்கொண்டே போகலாம். பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில் மட்டும் நிறுத்திக் கையால் செய்யுங்கள். தானாகப் பிரிக்கச் சொன்னால் அது டாமிலேயே ஸ்வாப் என்று ஒரு பகுதியை, ரேம் நிரம்பும்போது மிச்சத்தை எழுதி வைக்கும் இடத்தை, ஒதுக்கும். ரேம் குறைந்த பெட்டியில் ஸ்வாப் ஓயாமல் எழுதும், ஃபிளாஷைத் தின்றுவிடும். நான் 16 ஜிபியையும் ஒரே எக்ஸ்ட்4 பகுதியாகக் கொடுத்தேன். ஸ்வாப் இல்லையே என்று நிறுவி எச்சரிக்கும், பரவாயில்லை என்று தொடர வேண்டும். டெஸ்க்டாப் சூழலுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ. லிப்ரெஆஃபிஸ் உட்பட எல்லாம் ஏறிய பிறகும் இடத்தில் பாதி காலியாக இருந்தது.

கிராஃபிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்த ரேடியானுக்கு ஃபர்ம்வேர் கோப்பு (சில்லுக்குள் ஏற்றும் சின்ன மென்பொருள்) தனியாக வேண்டும், அது சுதந்திர மென்பொருள் அல்ல. டெபியன் 11 வரை அதிகாரபூர்வ பிம்பத்தில் அது இருக்காது. நிறுவல் நன்றாக முடியும், மறுபடி எழும்போது 'பாம்' (PALM) என்று தொடங்கும் ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லித் திரை கறுத்துவிடும். பலர் பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டது இந்த இடத்தில்தான். டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேரையும் பிம்பத்திலேயே சேர்த்துத் தருகிறார்கள். அதனால் பழைய பென்டிரைவை வைத்து மல்லுக்கட்டாமல் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் திரை கறுத்தால், எழும்போது முதலில் வரும் கிரப் பட்டியலில் 'இ' (e) அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்தால் தற்காலிகமாகத் திரை வரும். உள்ளே போய் ஏஎம்டி கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் நான் மனது வைத்துச் செய்த வேலை: எழுதுவதைக் குறைப்பது.

முதலில் ஐயோஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதே டாமில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருந்தாலே நின்று நின்று எழுதிக்கொண்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும் பக்கங்களின் நிலையை 15 விநாடிக்கு ஒருமுறை சேமிக்கும். அதன் அமைப்புப் பக்கத்தில் செஷன்ஸ்டோர் இண்டர்வல் என்று தேடினால் 15000 மில்லி விநாடி என்று இருக்கும். அதைப் பத்து நிமிடமாக மாற்றினேன். பார்த்த பக்கங்களின் நகலை (கேஷ்) டிஸ்கில் வைப்பதை அணைத்து, ரேமில் மட்டும் வைக்கச் சொன்னேன். இந்த இரண்டுக்கே எண்கள் சட்டென்று இறங்கின.

டிஸ்க் பகுதிகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் சேர்த்தேன். ஒரு கோப்பை வாசித்தாலே வாசித்த நேரத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் அதோடு நின்றது. பெட்டி தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் சிஸ்டம்டி ஜர்னலை ரேமில் மட்டும் வைக்கும்படி வோலடைல் ஆக்கினேன். அணைத்தால் பழைய பதிவுகள் போய்விடும், படிப்பகக் கம்ப்யூட்டருக்கு அது நஷ்டமில்லை. தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை டெபியன் 13-இல் புதிதாக நிறுவும்போது ஏற்கெனவே ரேமில்தான் இருக்கிறது, நாம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அது ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அந்த அளவை 512 எம்பி என்று கட்டிப்போட்டேன்.

ஸ்வாப் இல்லாமல் விடவும் முடியாது. பிள்ளைகள் நாலைந்து டேப் திறந்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். அதற்கு சீரேம். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பயன்படுத்தாத பக்கங்களைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே மடித்து வைக்கும், டாமைத் தொடாது. சுருக்கும் முறையாக இசட்எஸ்டிடி நன்றாகச் சுருக்கும், ஆனால் பிராசசர் உழைக்க வேண்டும். இந்த பாப்கேட்டுக்கு எல்இசட்4 தான் சரி. கொஞ்சம் குறைவாகச் சுருக்கினாலும் மவுஸ் திக்காது. இரண்டையும் போட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

ரைட் ஃபில்டர் போலவே, ரூட் என்னும் மொத்தக் கோப்பு முறைமையையும் ரேமில் மூடிவைக்க ஓவர்லேரூட் என்ற தொகுப்பு டெபியனில் இருக்கிறது. அதைப் போடவில்லை. பிள்ளைகள் எழுதி வைத்த கட்டுரை மறுநாள் இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம். இணைய மையம் போன்ற இடத்துக்கு, அல்லது வெறும் அறிவிப்புத் திரையாக வைப்பதற்கு, அதுதான் நல்ல வழி.

தமிழுக்கு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, அதனுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் வலது கைக்கு. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முதலில் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பள்ளி' என்று தட்டும்போது புள்ளி தானே விழுந்ததைப் பார்த்தவள், அடுத்து 'பட்டம்', 'கப்பல்', 'தக்காளி' என்று இரட்டிப்பு வரும் சொற்களாகத் தேடித் தேடித் தட்ட ஆரம்பித்துவிட்டாள். விசைகளின் படத்தை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

வேகம்? நேர்மையாகச் சொன்னால், லிப்ரெஆஃபிஸ் திறக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், திறந்த பிறகு குறையில்லை. செய்தித் தளங்களில் விளம்பரம் கொட்டுவதால் யூபிளாக் ஆரிஜின் இல்லாமல் நகராது, அது இருந்தால் சரியாக இருக்கிறது. யூடியூப் பாடங்களுக்கு எச்264ஐஃபை என்ற நீட்சியைப் போட்டேன். யூடியூப் தானாகத் தரும் விபி9, ஏவி1 வீடியோவை இந்த ரேடியானின் வன்பொருளால் விரிக்க முடியாது, பாரம் முழுவதும் பிராசசர்மேல் விழும். எச்.264 ஆகக் கேட்டு வாங்கினால் 480பி சுகமாக ஓடும். பள்ளிப் பாடம் பார்க்க அது போதும். பெட்டியின் மேல்புறத்தைத் தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவே. காற்று மேலே போக இடம் விட்டு, மேலே புத்தகம் எதுவும் அடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரண்ட் விஷயத்தில் ஒரு ஏற்பாடு. மழைக்காலத்தில் போவதும் வருவதுமாக இருக்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்குள்ளேயே இருக்கும் ஜர்னல் பெரும்பாலும் தானே சமாளிக்கும், ஆனால் சிலசமயம் கோப்பு முறைமையைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்டு யாராவது பதில் சொல்லும்வரை நின்றுவிடும். படிப்பகத்தில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. கிரப் அமைப்பில் எஃப்எஸ்சிகே ரிப்பேர் என்பதற்கு யெஸ் (fsck.repair=yes) கொடுத்துவிட்டால் கேட்காமலேயே சரிசெய்துகொண்டு எழும்.

காலையில் பெட்டி எழுந்ததும் ஃபயர்ஃபாக்ஸ் தானே திறந்து, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்தின் கடல் நிலை முன்னறிவிப்புப் பக்கத்தைக் காட்டும்படி வைத்திருக்கிறேன். அலை உயரம், காற்று, நீரோட்டம், கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாம் அங்கே வரும். கள்ளக்கடல் நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் வரும். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலை, நாட்கள் கழித்து இங்கே வந்து கரையேறும். வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாதது அது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராத வேதனை இந்தக் கரையில் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் பெரிய திரையில் நாலு பேர் நின்று பார்த்துப் பேசி முடிவெடுப்பது வேறு. "எடே மக்கா, இண்ணைக்கு வள்ளத்த மேல ஏத்தி வைக்கணுமா வேண்டாமாண்ணு அதுல பாத்து சொல்லு" என்று ஒரு பெரியவர் வாசலில் நின்றே கேட்கிறார். இந்தப் பெட்டி வாங்கியதற்கு எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டாவது பெட்டி பக்கத்து ஊர்ப் படிப்பகத்துக்கு. எல்லாவற்றையும் மறுபடி செய்யாமல் முதல் டாமை டிடி கட்டளையால் அப்படியே நகல் எடுத்தேன், இரண்டும் ஒரே அளவு என்பதால் பிரச்சினை இல்லை. நகல் எடுத்த பிறகு ஹோஸ்ட்நேமை (நெட்வொர்க்கில் பெட்டியின் பெயர்) மாற்ற வேண்டும். பெட்டிக்கே உரிய அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுப்பினால் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். தூரத்திலிருந்து கவனிக்க எஸ்எஸ்எச் வைத்திருந்தால் அதன் ஹோஸ்ட் சாவிகளை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஆப்ட் வழியாகப் புதுப்பித்து, ஆட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கர்னல்களை நீக்கி, இறக்கிய தொகுப்புகளை ஆப்ட் கிளீன் கொடுத்து அகற்றச் சொல்லி இரண்டு படிப்பகத்திலும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். லேன் கேபிள் முனையையும் அதே நாளில் கழற்றித் துடைத்துச் செருகச் சொல்லியிருக்கிறேன், முதலில் களிம்பு பிடிக்கப்போவது அங்கேதான்.